தோலின் நிறம்

பிரிண்டர் வாங்கப் போன அன்று தங்கச்சிக்காரிக்கு இடது கண் திறக்கவில்லை. இமை வீங்கி, கன்னத்தோடு ஒட்டிப்போய், நடுவில் ஒரு கோடு மட்டும் தெரிந்தது. அந்தக் கோட்டிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. அழுகை இல்லை. அழுவதை அவள் கல்யாணமான இரண்டாம் வருடமே நிறுத்தியாயிற்று. சால்வையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அக்காளின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, தூறலில் நனைந்தபடி கடைவீதிக்குப் போனாள்.

அடித்தது புருஷன். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன், அதனால் ஊருக்கே அவன் வெல்டர். கேட் செய்வான், ஜன்னல் கம்பி செய்வான், யார் வீட்டிலாவது ஏதாவது ஒன்றென்றால் முதல் ஆளாகப் போய் நிற்பான். அவனைப் போல நல்ல மனுஷன் உண்டா என்று தெருவே சொல்லும். சொல்லட்டும், தெருவா அவனோடு குடும்பம் நடத்துகிறது? இந்தத் தடவை அடித்ததற்குக் காரணம் சட்டையில் ஒரு பட்டன் இல்லாதது. அந்தச் சட்டையையே சுருட்டி அவள் வாயில் திணித்துவிட்டு அடித்தான். சத்தம் வெளியே போகக் கூடாதே, நல்ல பேர் வாங்கியவனாயிற்றே. அவள் போனைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டான். பிறகு கை கழுவிவிட்டு டீ கேட்டிருக்கிறான். போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அவள் பின்வாசல் வழியாக அம்மா வீட்டுக்கு வந்தாள்.

அக்காக்காரிக்கு ஸ்டுடியோவில் வேலை. படம் எடுப்பதில்லை, எடுத்த படத்தில் முகம் துடைப்பதுதான் அவள் தொழில். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, பல்லில் மஞ்சள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவாள். கேமரா மின்னும் நேரத்தில் மாப்பிள்ளை கண்ணை மூடிவிட்டால், திறந்திருக்கும் மற்றக் கண்ணை எடுத்து, புரட்டி, மூடின கண்ணின் மேல் வைத்துப் பொருத்திவிடுவாள். பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது. தெருவில் அவளுக்கு டச்சப் அக்கா என்று பேர். ஏன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது வாயைக் கிளறினால், “ஆல்பம் பாத்துப் பாத்தே அலுத்துப்போச்சு” என்பாள்.

அந்தக் கைவேலைதான் இப்போது வினையாக வந்து நின்றது. வெல்டரின் தங்கை கல்யாணத்தன்று காலையில் அவன் தங்கச்சிக்காரியைக் கதவோடு சேர்த்து மோதியிருந்தான். கன்னம் நீலம் பாய்ந்துபோய் நின்றவளை ஸ்டுடியோக்காரர்கள் வளைத்து வளைத்துப் படம் எடுத்தார்கள். “அக்கா, அசிங்கமா இருக்கு, எடுத்துடு” என்று இவளும் கெஞ்சினாள். அக்காக்காரியும் ஒரு ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டாள். அடிக்கிறான் என்று தங்கச்சிக்காரி போட்ட வழக்கின் முதல் விசாரணையில் வெல்டர் அந்த ஆல்பத்தைத்தான் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தான். “சார், என் பொண்டாட்டி மூஞ்சியப் பாருங்க. அடி வாங்கற பொண்ணு மூஞ்சியா இது?” விசாரித்த பெரியவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, புருஷன் பெண்டாட்டிக்குள் இதெல்லாம் சகஜம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இரண்டாவது விசாரணை திங்கட்கிழமை. வக்கீலம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். “போன்லயோ கேமராவுலயோ காட்டறதெல்லாம் வேலைக்கு ஆகாது. அவர் கண்ணாடியத் தேடி மாட்டறதுக்குள்ள வெளிச்சம் அணைஞ்சுபோயிடும். பெருசா பிரிண்ட் போட்டுக் கையில குடுக்கணும். கலர் அப்படியே இருக்கணும். அந்த ஆல்பத்துக்குப் பக்கத்துல வெச்சுக் காட்டணும்.” ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லையா என்று கேட்டாள். இருந்தது. அம்மா முந்திக்கொண்டு, மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று சொல்லி, அப்படியே எழுதவும் வைத்திருந்தாள்.

தங்கச்சிக்காரி வக்கீலம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “இந்தத் தடவையும் சேந்து வாழுங்கன்னு அனுப்பிட்டாங்கன்னா, அடுத்த தடவை நான் நடந்து வரமாட்டேன்மா. தூக்கிட்டுத்தான் வருவாங்க.” அதில் பொய்யில்லை என்பது அக்காக்காரிக்குத் தெரியும். கழுத்தில் இருந்த விரல் தடங்களை அவள்தானே தன் பழைய கேமராவில் படம் எடுத்தாள்.

ஸ்டுடியோவில் பிரிண்ட் போட முடியாது. முதலாளியும் வெல்டரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகிதர்கள். வேறு ஸ்டுடியோவுக்குப் போனாலும் எல்லாம் ஒரே கூட்டம்தான், அரை மணியில் படம் ஊர் சுற்றிவிடும். “நம்ம வீட்டுலயே போட்டுக்கலாம்டி” என்று அக்காக்காரி தன் சேமிப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கடையில் வரிசையாகப் பிரிண்டர்கள் இருந்தன. நடுவயதுக் கடைக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடி, பேச்சில் அவசரம் கிடையாது.

“வீட்டுக்கா, ஆபீஸுக்காம்மா?”

“வீட்டுக்குத்தான். போட்டோ போடணும். நல்லா வரணும்.”

“லேசர் பாக்கறீங்களா? வேகம். மை காஞ்சுபோகுமேன்னு கவலையே கிடையாது.”

“லேசர் வேணாம்ண்ணே. எழுத்துக்கு சரி. மூஞ்சி போட்டா மெழுகு பூசுன மாதிரி வருது.”

கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். “தொழில் தெரிஞ்சவங்களா. அப்ப இங்க்தான். இது டேங்க் மாடல், நாலு கலர். பாட்டில்ல ஊத்திக்கலாம், செலவே தெரியாது. இந்தப் பக்கம் இருக்கறது ஆறு கலர். விலை கொஞ்சம் கையக் கடிக்கும்.” பட்டனைத் தட்டிவிட்டு நாலு கலர் பிரிண்டரில் ஒரு மாதிரிப் படம் போட்டுக் காட்டினார். பச்சைக்கிளி ஒன்று, பின்னால் சிவப்புப் பூ.

“பாருங்க, எப்படி அள்ளுது.”

“கிளியும் பூவும் எதுல போட்டாலும் அள்ளத்தான் செய்யும்ண்ணே. கிளி வந்து என் கலர் இது இல்லன்னு சண்டையா போடப்போகுது? தோலப் போட்டுக் காட்டுங்க.”

அவர் சிரித்துவிட்டார். ஒரு விளம்பரப் பெண்ணின் படத்தை எடுத்துப் போட்டார். அக்காக்காரி அதைக் கையில்கூட வாங்கவில்லை. “இது துடைச்ச மூஞ்சி. என்னை மாதிரி ஒருத்தி உக்காந்து துடைச்சிருக்கா. இதுல ஒண்ணும் தெரியாது.” பைக்குள் கேமரா கார்டு இருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்தாளே தவிர எடுக்கவில்லை. யார் கண்ணிலும் படக் கூடாது என்று தங்கச்சிக்காரி சத்தியம் வாங்கியிருந்தாள்.

தங்கச்சிக்காரி அதுவரை சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து, “கார்டக் குடு” என்று அக்காளின் பைக்குள் கையை விட்டு எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினாள். “இதுல முதல் படம். ரெண்டு மெஷின்லயும் போடுங்க.”

பிரிண்டரிலேயே கார்டு செருகும் இடம் இருந்தது. நாலு கலரில் முதல் படம் வந்தது. கடைக்காரர் அதைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது தங்கச்சிக்காரி சால்வையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தாள்.

“பக்கத்துல வெச்சுப் பாருங்கண்ணே. அப்பத்தானே தெரியும்.”

அவர் தாளைப் பிடித்து அவள் கன்னத்துக்கு அருகே கொண்டுபோனார். படத்தில் வீக்கம் இருந்தது, நிறம் இல்லை. எல்லாம் ஒரே பழுப்பாக, அழுக்குப் படிந்த மாதிரி வந்திருந்தது. முகம் கழுவாத பெண் என்று யாரும் சொல்லிவிடலாம். அக்காக்காரி உதட்டைப் பிதுக்கினாள்.

ஆறு கலரில் இரண்டாவது படம் மெல்ல மெல்ல இறங்கியது. கண்ணின் ஓரத்தில் கத்தரிப்பூ நிறம், அதைச் சுற்றி ரத்தச் சிவப்பு, கன்னத்தில் இறங்க இறங்கப் பச்சை, கழுத்தில் நாலு விரலும் ஒரு கட்டைவிரலும். நகம் பதிந்த இடம்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. பக்கத்தில் வைத்தால் எது முகம் எது படம் என்று கேட்க வேண்டும்.

“இதான்” என்றாள் தங்கச்சிக்காரி. அடி வாங்கியதிலிருந்து அவள் குரலில் அன்றுதான் உயிர் வந்தது.

கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வியாபாரி வியாபாரிதான், கேட்க வேண்டியதைக் கேட்டார். “மாசத்துக்கு எத்தனை படம் போடுவீங்கம்மா? சும்மா வெச்சிருந்தா மை அடைச்சுக்கும், அதுக்குத்தான் கேக்கறேன்.”

“அது அவர் கையப் பொறுத்துண்ணே” என்றாள் தங்கச்சிக்காரி.

அக்காக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. பளபளப்புத் தாளை எடுத்த கடைக்காரர், “இதுல டியூப்லைட் அடிச்சா பாதி தெரியாது” என்று அதை வைத்துவிட்டு, மங்கலான பளபளப்பில் கனமான தாள் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். பெட்டியை மழைக்குப் பிளாஸ்டிக் சுற்றி, ஸ்கூட்டரில் அவரே வைத்துக் கட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் அம்மா அடுப்படியில் முட்டை வதக்கிக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்தாள். பையிலிருந்து அந்த இரண்டு படங்களையும் எடுத்துப் பார்த்ததுதான் தாமதம், நேராக விறகடுப்பில் திணித்துவிட்டாள். தங்கச்சிக்காரி பாய்ந்து கையை விட்டாள். விரல் நுனி பொசுங்கியது, படம் கிடைக்கவில்லை. அடுப்படி பூரா நாற்றம்.

“உனக்கென்ன பைத்தியமாம்மா?” என்று கத்தினாள்.

“கண்றாவியக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வெப்பீங்களா? குடும்பம்னா ஒரு அடி ரெண்டு அடி விழத்தான் செய்யும். உங்கப்பா அடிக்காத அடியா? நான் போட்டோ புடிச்சு மாட்டியா வெச்சேன்?”

“நீ வாங்கினா நானும் வாங்கணுமா?”

“மாப்பிள்ளை மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டார். கை நீட்டுவார், அப்பறம் அவரே மருந்து வாங்கிட்டு வருவார். நீ வாய அடக்கியிருந்தா இந்த வீக்கமே இல்ல.”

அக்காக்காரி குறுக்கே புகுந்து, கார்டில் படம் பத்திரமாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னாள். ஸ்டுடியோவில் அந்த வாரம் முழுக்கக் கல்யாண வேலை, மூச்சு விட நேரமில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மழை விடவேயில்லை. அம்மா மட்டும் விடாமல் பெண்ணின் முகத்துக்கு ஒத்தடம் கொடுத்தாள், களிம்பு தடவினாள், வேளாவேளைக்குச் சூடாகக் கஞ்சி கொடுத்தாள். அன்பு இல்லாமல் இல்லை. அந்தப் பெண்ணைத் திரும்ப அனுப்புவதற்குத்தான் அத்தனை அன்பும். சனிக்கிழமை கண் திறந்துகொண்டது. வீக்கம் வடிந்து, கன்னத்தில் லேசாக மஞ்சள் பாரித்திருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிறு மத்தியானம் அக்காக்காரி பிரிண்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். மை ஊற்றி, தாள் வைத்து, ஸ்டுடியோவில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டரோடு இணைத்தாள். கார்டிலிருந்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள், ஏற்றியதும் கார்டைக் காலி செய்தாள். ஸ்டுடியோவில் அதுதான் வழக்கம், கார்டு காலியாக இருந்தால்தான் அடுத்த வேலைக்குக் கொடுப்பார்கள். படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து அளவு வைக்க உட்கார்ந்தாள். தங்கச்சிக்காரி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். அப்பா செத்த கதை, இரண்டு பெண்களை வளர்த்த கதை, மூத்தவள் கல்யாணம் வேண்டாமென்று சொல்லித் தலையில் கல்லைப் போட்ட கதை, இப்போது இளையவளையும் கெடுக்கிற கதை. “உனக்கு அவ வாழறது பொறுக்கல” என்று ஒரு போடு போட்டாள். அக்காக்காரிக்குச் சுர்ரென்று ஏறியது. பதிலுக்குப் பதில் கொடுத்தாள். வாய் அம்மாவோடு சண்டை போட்டது, கண் திரையில் இருந்தது, கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. இருபது வருஷக் கை. அதற்கு எஜமானி தேவையில்லை. சண்டை ஓய்ந்து அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்துபோனபோது, எல்லாப் படங்களும் முடிந்து, சேமித்து, மூடியாகிவிட்டது. அக்காக்காரி பிரிண்ட் கொடுத்தாள்.

தாள் இறங்கியது. தங்கச்சிக்காரி வந்து எடுத்தாள். பார்த்தாள். அக்காளிடம் நீட்டினாள்.

அழகான முகம். இரண்டு கண்ணும் திறந்து, பளிச்சென்று. இடது கண், வலது கண்ணைப் புரட்டி வைத்தது. கன்னம் வழுவழுப்பாக இருந்தது, கழுத்தில் ஒரு கோடு இல்லை. இவளைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு லட்சணமாக இருந்ததில்லை.

நம்ப முடியாதுதான். அக்காக்காரியாலேயே நம்ப முடியவில்லை. ஒவ்வொரு படமாகத் திறந்தாள். முதுகில் பெல்ட் விழுந்த தடம் இல்லை. கையில் சிகரெட் சுட்ட வட்டம் இல்லை. எல்லாவற்றையும் பழைய படத்தின் மேலேயே சேமித்திருந்தாள். கார்டு காலி. அடுப்பில் போனது போனதுதான்.

“காயமெல்லாம் எங்கக்கா?” என்றாள் தங்கச்சிக்காரி.

“கை... என் கைதான்டி. எனக்கே தெரியலடி.”

தங்கச்சிக்காரி ஓங்கி ஒரு அறை விட்டாள். அக்காக்காரி நாற்காலியோடு சரிந்து சுவரில் சாய்ந்தாள். இன்னொரு அறை, இன்னொன்று. வாழ்நாளில் யார்மீதும் கை நீட்டாதவள், எங்கே அடித்தால் வலிக்கும் என்று நன்றாகத் தெரிந்து அடித்தாள். வாங்கி வாங்கிக் கற்றது. அக்காக்காரி தடுக்கவில்லை, கையால் முகத்தை மறைக்கவும் இல்லை. கடைசியில் தங்கச்சிக்காரியே களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தாள். கீழே கிடந்த படத்தை எடுத்துப் பார்த்து முகம் மலர்ந்தாள். “இது எவ்வளவு நல்லா இருக்கு. இதக் கண்ணாடி போட்டு வெக்கலாம்.” அப்புறம் மெதுவாகச் சொன்னாள். “மாப்பிள்ளைக்குப் போன் பண்ணிட்டேன். சாயங்காலம் வரார். பழம் வாங்கிட்டு வரேன்னு சொன்னார். வழக்கு கிழக்கெல்லாம் வேணாம், பேசி முடிச்சுக்கலாம்.”

மழை கூரைத் தகரத்தில் விழுந்தது. தங்கச்சிக்காரி எழுந்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். திரைச்சீலையை ஒதுக்கினாள். திரும்பி அக்காளைப் பார்த்தாள்.

“வெளிச்சம் இங்கதான் நல்லா விழுது, இல்ல?”

அக்காக்காரிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. “வேணாம்டி.”

“உள்ரூம் கதவுகிட்ட நில்லு. கேமராவ எடுத்துக்க.”

“உனக்கு மூளை கெட்டுப்போச்சா? ஏதாவது ஆயிடுச்சுன்னா?”

“நாளைக்கு வெறுங்கையோட போனா மட்டும் எனக்கு ஒண்ணும் ஆகாதா? அங்க ஆனா யாருக்கும் தெரியாது, இங்க நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்க.”

“என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது.”

“அழிக்க முடிஞ்சுதுல்ல. எடுக்கவும் முடியும். நடுவுல மட்டும் வந்துடாத. வந்தேன்னா அவன் கைய இறக்கிடுவான், சிரிச்சுப் பேசுவான். எந்த வார்த்தைக்கு எப்போ கை வரும்னு எனக்குத் தெரியும்.”

அக்காக்காரி அவள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். தங்கச்சிக்காரி காலி கார்டைக் கேமராவில் செருகி அக்காளின் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

நாலரைக்கு வெல்டர் வந்தான். தலை நனைந்திருந்தது. வாசலில் செருப்பை ஒழுங்காகக் கழற்றி ஓரமாக வைத்தான். கையில் ஆப்பிள் பை. “எப்படி இருக்கீங்க அத்தை?” என்று குனிந்து கேட்டான். அம்மா நாற்காலி போட்டாள், டீ போட்டாள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். அக்காக்காரி உள்ரூம் நிலையில் சாய்ந்து நின்றாள், கேமரா சால்வைக்குள் இருந்தது.

“உங்கக்கா ஏன் ஒதுங்கி நிக்கறாங்க? கோவமா?” என்று சிரித்தான்.

“அவளுக்கு வேலை இருக்கு” என்றாள் தங்கச்சிக்காரி.

“சரி. நடந்தது நடந்துபோச்சு. எனக்கும் பட்டறையில ஆயிரம் டென்ஷன். கிளம்பு, போகலாம். நாளைக்கு நம்ம ரெண்டு பேரும் சேந்தே போய் சமாதானம் ஆயிட்டோம்னு சொல்லிடலாம்.”

“வாயில சட்டைய வெச்சு அடைச்சதும் டென்ஷனா?”

“பழசக் கிளறாத.”

“உங்க பழசக் கிளறட்டுமா?” நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். “உங்கம்மா உங்கப்பன விட்டுட்டு ஓடுனாங்களே, ஊரே காறித் துப்புச்சே. எனக்கு இப்பத்தான் புரியுது. அந்த வீட்டுல புத்தியோட இருந்தது அந்த ஒரு பொம்பளதான்.”

வெல்டர் டீக் கிளாஸை மெதுவாகத் தரையில் வைத்தான். எழுந்தான். முதல் குத்து கன்னத்தில் விழுந்தது. ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். நாற்காலி பின்னால் சாய, தலைமுடியைப் பிடித்து நிறுத்தி இரண்டாவது குத்து. மூக்கிலிருந்து ரத்தம் பொலபொலவென்று கொட்டியது. அவள் கையைத் தூக்கவில்லை. முகத்தை மட்டும் வெளிச்சத்தை விட்டு விலகாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

அக்காக்காரி எடுத்தாள். கை நடுங்கியதா என்று கேட்டால், இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. குத்து விழும் கை, முடியைச் சுற்றிய விரல், அவன் முகம், இவள் முகம். கேமராக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்வரை தாங்க முடிந்தது. அம்மா தட்டோடு ஓடிவந்து, “அய்யோ, நீயெல்லாம் ஒரு மனுஷியா, அதப் போட்டுட்டு அவரப் புடிடி” என்று கத்தினாள். அக்காக்காரி நெஞ்சுக்குள் நொறுங்கிக்கொண்டே எடுத்தாள். அவன் இவள் தலையை ஜன்னல் கட்டையில் மோதினான். இன்னும் ஒன்று போதும், ஒன்றே ஒன்று, அப்புறம் பாய்ந்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

அவன் காதில் கேமராச் சத்தம் விழுந்துவிட்டது. திரும்பினான். அக்காளையும் கேமராவையும் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தங்கச்சிக்காரியைக் கீழே போட்டுவிட்டு அக்காக்காரியை நோக்கி வந்தான். “குடு அத.”

அம்மா நடுவில் வந்தாள். எதற்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பெண்ணைக் காப்பாற்றவோ, மாப்பிள்ளையைக் காப்பாற்றவோ. “மாப்பிள்ளை, வேணாம், நான் வாங்கித் தரேன், நீங்க உக்காருங்க” என்று தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். அவன் புறங்கையால் ஒரே வீச்சு. தட்டு பறந்தது. கிழவி பக்கவாட்டில் விழுந்து, மேஜை முனையில் வாய் இடித்து, தரையில் கிடந்தாள். அக்காக்காரியின் விரல் அப்போதும் அழுத்தியது. அந்தப் படமும் விழுந்தது.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கேமராவை உள்ளே கட்டிலில் எறிந்துவிட்டு, கைக்கு அகப்பட்ட இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அவன் தோளில் இறக்கினாள். தங்கச்சிக்காரி தரையில் கிடந்தபடியே அவன் காலைப் பிடித்துக் கடித்தாள். விடவேயில்லை, சதையோடு கடித்தாள். அவன் போட்ட அலறலில்தான் தெரு ஓடிவந்தது. கீழ்வீட்டு டெய்லர் முதலில் வந்தார், பின்னால் நாலைந்து பேர்.

“பாருங்கண்ணே, மூணு பொம்பளைங்களும் சேந்து என்னைய அடிக்கறாங்க” என்றான் வெல்டர்.

டெய்லர் அவனைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த கிழவியைப் பார்த்தார். அவள் வாயிலிருந்து ரத்தம் தரை ஈரத்தில் கலந்து ஓடிக்கொண்டிருந்தது. டெய்லருக்கு ஓசியில் கேட் செய்து கொடுத்தவன் வெல்டர். டெய்லர் ஒதுங்கி வழிவிட்டார், அவ்வளவுதான். ஒருவரும் அவனைப் பிடித்து நிறுத்தவில்லை. வெல்டர் நொண்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்லிவிட்டு டெய்லர் கீழே போனார். மழையில் ஆட்டோ வரத் தாமதமாகும் போலிருந்தது. தங்கச்சிக்காரி மூக்கில் துணியை அழுத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். “மவுஸ என்கிட்ட குடு. நீ வாயால சொல்லு, கையால தொடாத.”

அக்காக்காரி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். இதைத் திற, அந்தப் பக்கம் போ, தாள் அளவு சரியா பார், இப்போது அழுத்து என்று சொல்லிக்கொண்டே வந்தாள். படங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. சிவப்பு சிவப்பாகவே வந்தது. கட்டில்மேல் வரிசையாகப் பரப்பினார்கள். தங்கச்சிக்காரி ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்துத் தலையாட்டினாள். “மன்னிச்சுடுடி” என்றாள் அக்காக்காரி. “அப்பறம் பேசிக்கலாம்” என்றாள் தங்கச்சிக்காரி.

கடைசியாக அம்மாவின் படம் திரையில் வந்தது. விழுகிற நேரத்தில் எடுத்தது. வாய் கிழிந்து, பல் தெரிய, கண் சொருகி, ஓரத்தில் அவன் கை.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், எழுந்து வந்து பார்த்தாள். வாயில் வைத்த துணிக்குள்ளிருந்து குழறிக் குழறிப் பேசினாள். “இதையுமா எடுத்தே?”

“எடுத்துட்டேன்மா.”

“அந்த உதட்ட மட்டும் கொஞ்சம் சரி பண்ணிடுடி. நாளைக்கு நாலு பேர் பாப்பாங்க. உனக்குத்தான் தெரியுமே, சீக்கிரம் பண்ணிடுவியே.”

தங்கச்சிக்காரி அக்காளைத் திரும்பிப் பார்த்தாள். அக்காக்காரி தொடைக்கு அடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“பண்ணமாட்டேன்மா.”

“பெத்தவள இப்படிக் கேவலப்படுத்துவியா?”

“நான் படுத்தலம்மா. நீ அழுத்துடி.”

தங்கச்சிக்காரி அழுத்தினாள். முதலில் நரைத்த தலை வந்தது, பிறகு நெற்றி, கண், கடைசியில் அந்த வாய். அம்மா தாளைப் பிடுங்கினாள். கட்டைவிரலால் படத்தில் உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள். மை காயவில்லை. சிவப்பு இழுத்துக்கொண்டு மோவாய்க்கும் கன்னத்துக்கும் பரவியது. இன்னும் அழுத்தித் துடைத்தாள், இன்னும் பரவியது. அவள் விரலெல்லாம் சிவப்பு. அக்காக்காரி திட்டவில்லை. அந்தத் தாளை மெல்ல அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “இன்னொண்ணு போடு” என்றாள்.

இரண்டாவது தாள் இறங்கும்வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீழே ஆட்டோவின் ஹாரன் கேட்டது.

“நாளைக்கு நானும் வரணுமா?” என்று கேட்டாள் அம்மா.

“வரணும்மா.”

“என்ன கேப்பாங்க?”

“என்ன ஆச்சுன்னு கேப்பாங்க.”

அம்மா துணியை வாயிலிருந்து எடுத்தாள். “அடிச்சான்னு சொல்றேன்” என்றாள்.